ஊருக்கு ஒரு ரங்கூன்காரன்

பருத்திப்பட்டில் ரங்கூன் என்றால் துலுக்கானம்தான். எங்கள் ஊரிலிருந்து வேறு யாரும் கடல் தாண்டியதில்லை. இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் காணாமல் போனார். இரண்டு மழைக்காலம் கழித்து, பூப்போட்ட கைலி கட்டிக்கொண்டு, குடும்பமே ஒதுங்கக்கூடிய ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் அந்தக் குடை நிழலிலேயே காலம் தள்ளினார் என்றால், அதில் மிகை கொஞ்சம்தான். வயலைக் கெங்கம்மாள் பார்த்துக்கொண்டாள். ரங்கூனை அவர் பார்த்துக்கொண்டார். கெங்கம்மாள் அவருடைய சம்சாரம். அவளுடைய அப்பா மாப்பிள்ளை பார்க்க வந்தவர், மத்தியானம் முழுக்க ரங்கூனைக் கேட்டுவிட்டு, நிலம் எவ்வளவு என்று கேட்க மறந்து பெண்ணைக் கொடுத்துவிட்டுப் போனவர்.

ஏரிக்கரையில் தாட்சாயிணி இட்லிக் கடை வைத்திருந்தாள். காலையில் அங்கேதான் துலுக்கானத்தின் கச்சேரி. அவருடைய ரங்கூனில் கோபுரத்தில் பூசிய தங்கம் உச்சி வெயிலில் உருகிச் சொட்டும். ஏழைகள் கீழே சட்டி வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். தபால்காரன் யானைமேல் வருவான். அங்கே தேக்கு மரம் எவ்வளவு உயரமென்றால், அடியில் கோடாலி போட ஆரம்பித்தவனுடைய மகன்தான் அது விழுவதைப் பார்ப்பான். துலுக்கானம் குடியிருந்ததும் ஒரு தேக்கு மாளிகையில். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக ஜட்கா வண்டி வைத்திருந்தார்கள். இட்லி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ஊர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். தாட்சாயிணி மட்டும், "காசிமேட்டாண்ட போயி கப்பலப் பாத்துட்டு வந்துகினு, மீதிய நம்ம தலையில கட்டறான்" என்பாள். அவளும் சட்னி ஊற்றுவதை நிறுத்திவிட்டுத்தான் கேட்பாள், அது வேறு விஷயம்.

ஊர் மணியக்காரர் பரந்தாமன், ஏரி மதகைத் திறப்பதா மூடுவதா என்பதற்குக்கூட, "ரங்கூன்ல இதுக்கு இன்னா பண்ணுவாங்க துலுக்கானம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உத்தரவு போடுவார். இந்தச் செல்வாக்கு வேறு எந்த ஜமீன்தாருக்கு இருந்தது?

அப்படி இருந்த மனிதருக்குத்தான் நாற்பத்திரண்டாம் வருஷம் வந்தது.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான். அடுத்தது சென்னைப் பட்டணம்தான் என்று பேச்சு. சித்திரை வெயிலில் பட்டணத்து ஜனம் பெட்டி, படுக்கை, ஆட்டுக்கல், பூனை, ஆர்மோனியம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் எங்கள் பக்கம் வந்து கொட்டியது. ஒரு வாரத்தில் ஊரிலிருந்த மாட்டுக் கொட்டகை எல்லாம் குடித்தனமாகிவிட்டது. மாடுகளெல்லாம் வெளியே கட்டப்பட்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஏரிக்கரையில் நின்று அசை போட்டன. நியாயமாகப் பார்த்தால் அந்த வருஷத்து முதல் அகதிகள் அவைதான்.

பரந்தாமன் வீட்டு வைக்கோல் கொட்டகைக்கு ஜெயராமன் என்று ஒரு காலேஜ் வாத்தியார் வந்து சேர்ந்தார். அரசியல் தத்துவம் சொல்லிக் கொடுப்பவராம். ராஜ்யம் எப்படி உண்டாயிற்று, குடிமகன் என்றால் யார், ராஜாவுக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பதையெல்லாம் வருஷக்கணக்காகப் பேசி, வாங்கின சம்பளத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வாங்கி வைத்திருந்தார். அவர் சம்சாரம் வைக்கோலுக்கு நடுவே அதைப் பற்றவைக்கும்போதெல்லாம் பரந்தாமன் இரண்டு குடம் தண்ணீரோடு வாசலில் நிற்பார்.

பட்டணத்துக்காரர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால், "ரெண்டு மாசத்துல போயிடப் போறாங்க, பாவம்" என்றார்கள். போகப்போகிறவனுக்கு இடம் கொடுப்பது சுலபம். இருக்கப்போகிறவன் வந்தால்தான் அவனுடைய தாத்தா பெயர் ஞாபகத்துக்கு வருகிறது.

இருக்கப்போகிறவன் வைகாசி பிறந்ததும் வந்தான். பெயர் ராயப்பன். கூட அவன் சம்சாரம் ஞானகுமாரி. ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, பருத்திப்பட்டு எது என்று கேட்டுக்கேட்டு நடந்து வந்திருக்கிறார்கள். அவன் காலில் கந்தல் சுற்றியிருந்தது. அவள் கையில் ஒரு ஈயப் பாத்திரம். உள்ளே ஒரு மரச் சிலுவை, வேறொன்றுமில்லை. ரங்கூனிலிருந்து காடு மலையெல்லாம் நடந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் தாட்சாயிணி அடுப்பிலிருந்த இட்லிக் குண்டானை அப்படியே இறக்கி அவர்கள் முன்னால் வைத்தாள். பதினெட்டு வருஷமாகத் துலுக்கானத்துக்கு அவள் ஒரு இட்லி சேர்த்து வைத்ததில்லை.

துலுக்கானம் முதலில் சந்தோஷப்பட்டார். வரட்டும், ஊர் முன்னால் இவனைச் சோதித்துப் பார்ப்போம் என்று குடையை ஊன்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, தங்கக் கோபுரம் எப்டி கீது?"

ராயப்பன் நிமிர்ந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "இருக்குங்க" என்றான். பிறகு இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அதைக் கேட்டுவிட்டுத் தாட்சாயிணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இன்னாத்தையெல்லாம் பாத்துகீதோ புள்ள, வாயே தொறக்க மாட்டேங்குது" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். துலுக்கானம் தங்கத்தை உருக்கி, யானையை வரவழைத்து, மாளிகைக்குள் ஜட்கா ஓட்டிச் சம்பாதித்த மரியாதை எல்லாம் அந்த ஒரு 'இருக்குங்க'வில் மூழ்கிப் போயிற்று.

அன்றிலிருந்து ராயப்பன் ரங்கூனைப் பற்றிப் பேசவேயில்லை. ஊர் அவனுக்காகப் பேசியது. திங்கட்கிழமை அவன் வழியில் ஒரு புலியைப் பார்த்தான். புதன்கிழமைக்குள் அதை அடித்தான். வெள்ளிக்கிழமை வருவதற்குள் காட்டில் புலியே மிச்சமில்லை. அட்டைகள் பலாக்காய் அளவுக்கு வளர்ந்தன. ஞானகுமாரி ஒரு ஆற்றை நீந்திக் கடந்தாள். அப்புறம் அதே ஆற்றை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்தாள். அவன் பாட்டுக்குப் பட்டாபிராம் பக்கத்தில் ராணுவத்துக்காரர்கள் போட்டுக்கொண்டிருந்த தண்டவாள வேலைக்குக் கல் சுமக்கப் போய்விட்டு, சாயங்காலம் வந்து படுத்துக்கொள்வான். தன் பெயரில் இத்தனை புலி செத்திருப்பது அவனுக்கே தெரியாது.

துலுக்கானத்தால் தாங்க முடியவில்லை. தான் வாய் வலிக்கச் சொன்னதற்கு வராத கூட்டம், ஒருவன் வாயை மூடிக்கொண்டதற்கு வருகிறதே என்று வயிறு எரிந்தது. நடந்து வருவது ஒரு பெரிய காரியமா, வழி தெரிந்தால் மாடுகூட நடக்கும், கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வருவதல்லவா கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மறுநாள் கொஞ்சம் நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ரங்கூனில் அந்தக் காலத்தில் யானை மிதித்த கால், இப்போது குளிருக்கு வலிக்கிறது என்றார். வைகாசி வெயிலில் தார் இல்லாத சாலையே உருகிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள்தான் கேட்டாள்: "நேத்து எடது காலு, இன்னைக்கு வலது காலு. யானை இன்னாயா, கோலாட்டமா ஆடிச்சு?"

கெங்கம்மாளே கட்சி மாறினதுதான் அவருக்குப் பெரிய அடி. மதகுக்குப் பக்கத்தில் ஏரி காவல்காரன் விட்டுப்போன குடிசையில் ராயப்பன் தம்பதியைப் பரந்தாமன் தங்க வைத்திருந்தார். கெங்கம்மாள் தினமும் ஒரு சட்டி கூழை எடுத்துக்கொண்டு அங்கே போய், ஞானகுமாரியோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பொழுது சாய்ந்து வருவாள். வீட்டில் இவருக்கு ஆறின கூழ். "என் ஊட்டுக் கூழு, என் ரங்கூனு, ரெண்டையும் அவனுக்குக் குடுத்துட்டியேமே" என்று புலம்பினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படி இருக்கையில் ஏரி வற்றியது.

பருத்திப்பட்டு ஏரி வைகாசியில் குட்டையாகச் சுருங்கும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். பிடித்ததை மொத்தமாகக் கரையில் கொட்டி, ஊரில் எத்தனை அடுப்போ அத்தனை கூறு போடுவார்கள். பணக்காரன், ஏழை, ஆறு பிள்ளை பெற்றவன், ஒண்டிக்கட்டை எல்லாருக்கும் அடுப்புக்கு ஒரு கூறு. இதில் ஒரு சட்டம் உண்டு. தீக்குச்சி கிழித்து மூட்டினது அடுப்பு ஆகாது. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஊரில் யாராவது ஒருவர் தன் வீட்டு அடுப்பிலிருந்து கங்கு எடுத்துக்கொண்டுபோய் மூட்டிக் கொடுக்க வேண்டும். கங்கு கொடுத்தவர் அந்தக் குடும்பத்துக்குப் பிணை. அவர்கள் ஏரியை நாசம் செய்தாலும், களத்தில் கை வைத்தாலும், இவரைத்தான் கேட்பார்கள். கங்கு விழுந்த அடுப்பு ஊர் அடுப்பு; அப்புறம் அதை யாரும் கலைக்க முடியாது. மணியக்காரர் உள்பட.

ராயப்பன் ஒருநாள் பரந்தாமனிடம் போய், தங்களுக்குக் கங்கு கிடைக்குமா என்று கேட்டான். மீனுக்காக இல்லை. மீன்பிடிக்கு மறுநாள் ஏரி காவல்காரன் திரும்பி வருகிறான். குடிசையைக் காலி செய்ய வேண்டும். ஊர் அடுப்பு என்றால் ஊர் ஒரு மூலையில் இடம் காட்டும். இல்லையென்றால் அவர்கள் மறுபடி நடக்க வேண்டியதுதான். எங்கே நடப்பது என்பதுதான் கேள்வி. ரங்கூனுக்குத் திரும்ப முடியாது. வேறு ஊர் தெரியாது.

பரந்தாமன் ஊரைக் கூட்டினார். ஏரியின் காய்ந்த பக்கத்தில், மதகுக் கல்லைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். கங்கு கொடுக்க நாலைந்து பேருக்கு மனசு இருந்தது. ஆனால் பிணை என்றதும் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். சிலுவை கும்பிடுகிற வேதக்காரர்களாச்சே என்று ஒருவர் முனகினார். அந்தச் சமயம் பார்த்துத் துலுக்கானம் எழுந்தார்.

ஊர்க்காரனுக்குக் கங்கு கொடுக்கலாம், தடையில்லை, ஆனால் இவன் ஊர்க்காரன்தானா என்று ஆரம்பித்தார். பருத்திப்பட்டு என்று பெயர் சொல்லி வந்திருக்கிறான், சரி. தாத்தா பேர் என்ன, எந்தத் தெரு, எந்த வயலுக்கு யார் பங்காளி? ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டான். துலுக்கானத்துக்குப் பத்து வயசு குறைந்தது. பல நாள் கழித்து ஊர் மறுபடி அவர் வாயைப் பார்த்தது.

"ஊருன்னா ஒரு வரப்பு ஓணும்" என்றார். "வர்றவன் போறவனுக்கெல்லாம் கூறு போட்டா, கடைசியில ஆளுக்கு ஒரு செதிலுதான் மிஞ்சும். இன்னைக்கு ஒருத்தன் வந்தான். நாளைக்கு மொத்த ரங்கூனும் வந்து குந்தும். அப்போ நாம எங்க போறது?"

கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. உள்ளே எரிகிற நெருப்பு வேறு என்பது கெங்கம்மாளுக்கு மட்டும் தெரியும்; அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் ஜெயராமனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வைக்கோல் கொட்டகையில் இரண்டு மாதமாகக் கேட்பாரில்லாமல் அடைந்து கிடந்த தத்துவமெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. ராஜ்யம் என்பது ஜனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம் செய்துகொண்டபோது வெளியே நின்றவனை என்ன செய்வது என்பதைச் சரியாக எழுதவில்லை என்றார்.

"அப்போ புஸ்தகம் எதுக்கு வாத்தியாரே?" என்றார் துலுக்கானம்.

"கேள்வி அதுவரைக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "மனுஷனுக்கு உரிமை உண்டு என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த உரிமையை எந்த வாசலில் போய்க் கேட்பது? ஊர் இருக்கிறவன் ஊர் வாசலில் கேட்பான். ஊரே போனவன் எங்கே கேட்பான்? முதலில் அவனுக்கு ஒரு வாசல் வேண்டும். மற்ற உரிமையெல்லாம் அதற்கப்புறம்தான்."

இவ்வளவு நன்றாகப் பேசினவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் உள்ளே ஒரு பொறாமை. ராயப்பனுக்காக ஊரே கூடியிருக்கிறது. தானும்தான் ஊரை விட்டு ஓடி வந்தவன், தன்னை யாரும் ஒரு பேச்சுக்குக்கூட விசாரிக்கவில்லையே என்று. ஆகவே, வாதத்துக்குச் சொல்கிறேன், எங்கள் ஸ்டவ்வும் இரண்டு மாதமாக எரிகிறது, எங்களுக்கும் ஒரு கூறு உண்டா என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷர் மீன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்பவர். கொள்கைக்காகக் கெளுத்தி கேட்ட முதல் ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும். பரந்தாமன் தீர யோசித்து, "ஊதாம எரியறது அடுப்பு இல்ல வாத்தியாரே" என்று தீர்ப்புச் சொன்னார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அடங்கினதும் பரந்தாமன் ராயப்பன் பக்கம் திரும்பினார். "துலுக்கானம் கேட்டதுக்குப் பதில் சொல்லு நைனா. உனுக்கு இந்த ஊருல ஆரு?"

ராயப்பன் எழுந்து நின்றான். ஊருக்கு வந்த பிறகு அவன் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினது அன்றைக்குத்தான்.

"யாரும் இல்லைங்க" என்றான். "நான் பொறந்தது ரங்கூன். அப்பா சின்ன வயசுலேயே போயிட்டார், அவர் எந்த ஊர்னு தெரியாது. கல்கத்தா ஸ்டேஷன்ல சொந்த ஊர் எதுன்னு கேட்டாங்க. ஊர் பேர் சொன்னவங்களை ரயில்ல ஏத்துனாங்க. சொல்லத் தெரியாதவங்களை ஒரு ஓரமா உக்கார வச்சிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு ஊர் பேர். அதைச் சொல்லிட்டேன்."

அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்டார் பரந்தாமன். ராயப்பன் சொன்னான். அவன் சிறு பையனாக இருந்தபோது அவன் அம்மா வீட்டில் ஒரு மாமா சாப்பிட வருவாராம். நிஜப் பெயர் தெரியாது. எல்லாரும் அவரைப் பருத்திப்பட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் ஊர்ப் பெருமைதான். எங்கள் ஊர் ஏரிக்கு எதிர்க்கரை கிடையாது, அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பி வரக் கார்த்திகை ஆகும் என்பாராம். எங்கள் ஊர் அரிசியை உலையில் போட்டால் பக்கத்து ஊரில் பசிக்கும் என்பாராம். சொல்லும்போது ராயப்பன் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அந்த ஏரியில ஒரு விரால் புடிச்சா, அதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்னு சொல்வார்."

"நாலு ஆளு" என்றார் துலுக்கானம்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை; அவருக்கு மானப் பிரச்சினை. "ரெண்டு ஆளுன்னு நான் எப்போ சொன்னேன்? நாலு ஆளுன்னுதான் சொன்னேன். ரெண்டு ஆளு தூக்கறது கெண்டை."

தலைகளெல்லாம் அவரிடமிருந்து ராயப்பனிடமும், அவனிடமிருந்து மறுபடி அவரிடமும் போய் வந்தன.

தாட்சாயிணிதான் முதலில் சுதாரித்தாள். "அப்போ மெய்யாலுமே ரங்கூன் போயிருக்கான்" என்றாள், நம்பிக்கைத் துரோகம் செய்யப்பட்டவளைப் போல. துலுக்கானம் நெஞ்சை நிமிர்த்தினார். பதினெட்டு வருஷத்துச் சந்தேகம் ஒரு நொடியில் பறந்தது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கேட்டீங்களா, கேட்டீங்களா என்று நாலு பக்கமும் பார்த்தார். எந்த வாதத்தில் ஜெயித்தோம், எதில் தோற்றோம் என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பரந்தாமனுக்கு உடனே புரிந்துவிட்டது. "அந்த மாமா தங்கியிருந்தது தேக்கு மாளிகைதானா?" என்று ராயப்பனைக் கேட்டார்.

ராயப்பன் துலுக்கானத்தைப் பார்த்தான். குடையையும் பார்த்தான். கூலி ஆட்கள் தங்கும் லயனில் ஓலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவனும் அம்மாவும், அந்தப் பக்கம் பத்துப் பேரோடு இந்த மாமாவும் படுத்திருந்தது ஊருக்கு அப்புறம் எப்படியோ தெரிய வந்தது. அன்றைக்கு அவன் சொன்னது, "ஆமாங்க. நல்ல தேக்கு" என்பதுதான்.

"அப்போ நீயே இட்டாந்த ஆளு இவன்" என்றார் பரந்தாமன் துலுக்கானத்திடம். "கங்கு உன் அடுப்புலேருந்துதான்."

துலுக்கானம் துள்ளினார். தான் கதை சொன்னது வாஸ்தவம், யாரையும் கூப்பிடவில்லை என்றார். சொந்த ஊரைப் பற்றி வெளியூரில் நாலு வார்த்தை கூட்டிச் சொல்வது ஆம்பளைக்கு அழகு, அதற்கெல்லாம் பிணை நிற்க முடியுமா என்றார். ஜெயராமன் வாயைத் திறந்தார்; பரந்தாமன் கையைக் காட்டி அடக்கினார். ராயப்பன்தான் பேசினான். குரலே எழும்பவில்லை, முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க இன்னொண்ணும் சொல்வீங்க மாமா. எங்க ஊருக்கு யார் வந்தாலும் எந்த ஊர்னு கேக்க மாட்டாங்க, மொதல்ல இலையைப் போடுவாங்கன்னு. எங்கம்மா அதைச் சத்தியமா நம்பினாங்க. மீனை நான் நம்பலை. இதை நம்பித்தான் நடந்தோம்."

துலுக்கானம் குடையை மடக்கினார். ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் அன்று காலையிலிருந்து அந்த ஒரு கேள்வியைத்தானே கேட்டுக்கொண்டிருந்தோம். கெங்கம்மாள் கூட்டத்தை விட்டு வேகமாக நடந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று அவருக்குத் தெரியும், அடுப்புக்குத்தான். பின்னாலேயே ஓடினார். தன் வீட்டுக் கங்கைத் தன் பெண்டாட்டி கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பெயரும் அவளுக்குப் போய்விட்டால் அப்புறம் இவருக்கு என்ன மிச்சம்?

தவிட்டுக்கு நடுவில் கங்கை வைத்த சட்டியை அவரேதான் தூக்கிக்கொண்டு வந்தார். குடிசை வாசலில் ஞானகுமாரி மூன்று கல்லைக் கூட்டி வைத்திருந்தாள். அவளை ஊத விடாமல் தானே குந்தி ஊதினார். சுள்ளி பற்றிக்கொண்டது. பற்றின பிறகு எழுந்திருக்காமல், ராயப்பனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, யார் காதிலும் விழாதபடி ஒரு ஒப்பந்தம் பேசினார். ஊரார் காதில் விழாமல் எங்கள் ஊரில் ஒரு ஒப்பந்தமும் நடந்ததில்லை.

"அடுப்பு உன்னுது. மீனு உன்னுது. ரங்கூன் மட்டும் என்னுது. ஆரு கேட்டாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"நீங்களே சொல்லுங்க மாமா" என்றான் ராயப்பன். "எனக்கு அதைச் சொல்ல இஷ்டமில்லை. நீங்க சொல்ற ரங்கூன்ல யாரும் சாகலை. கடையில உக்காந்து கேக்க நல்லா இருக்கு."

துலுக்கானம் சுள்ளியை ஒதுக்கினார். பிறகு ராயப்பனின் அம்மாவைப் பற்றிக் கேட்டார். "அக்கா எங்க நைனா?"

கிளம்பும்போது கூடத்தான் வந்தாங்க என்றான் அவன். மலைக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

மறுநாள் மீன்பிடி. ராயப்பன் அடுப்புக்கும் ஒரு கூறு விழுந்தது. அதில் துலுக்கானத்தின் கூறில் இருந்ததைவிடப் பெரிய விரால் கிடந்தது. அவர் அதை அளந்து பார்த்து, பரந்தாமனோடு ஒரு பாட்டம் சண்டை போட்டார், சும்மா இல்லை. பரந்தாமன் வடகரையில் குடிசை போட அவர்களுக்கு இடம் காட்டினார். ஜெயராமன் தன் ஸ்டவ் விஷயத்தில் மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்று குழம்பு கொதிக்கும்போது கெங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"தங்கம், யானை, ஜட்கா எல்லாத்தையும் சொன்ன. ரங்கூன்ல ஒரு அக்கா உனுக்குச் சோறு போட்டாங்கன்னு என்னாண்ட ஒரு நாளும் சொல்லலியே. யாருயா அது?"

அவர் அடுப்பில் இன்னொரு சுள்ளியைத் தள்ளினார். அவள் விடவில்லை. எத்தனை வயசு, எப்படி இருப்பாள், இவரிடம் என்ன கண்டு சோறு போட்டாள், இத்தனை வருஷம் ஏன் மறைத்தார், அந்தக் குடை யார் வாங்கிக் கொடுத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை இறக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பசிச்சுது" என்றார் துலுக்கானம். "ஊரு எதுன்னு கேக்காம சோறு போட்டுச்சு."

மாளிகைக்குள் ஜட்கா ஓடியதை நம்பின கெங்கம்மாள், இதை நம்பவில்லை.